பகலில் எரியும் விளக்கு

விளக்கு என்பது இருளைப் போக்குதற்கு ஏற்பட்டதென்பது சிறுவரும் அறிந்த செய்தி. ஆயினும், வெயில் காயும் நண்பகலிலே மோட்டார் வண்டிகளின் முகப்பில் வெண்ணிற விளக்குகள் இரண்டு எரிந்துகொண்டு வருதலை இந்நாளில் நாம் நாடோறும் காண்கின்றோம். இதனைக் கண்ட முதியோர் சிலர், வண்டிக்காரர் விளக்கை அணைக்க மறந்தனர் போலும் என்று இரங்குவர். இளைஞர் சிலரோ, இஃது ஓர் அலங்காரம் என்றெண்ணி, கடைத்தெருவில் விற்கும் விளக்குப் பட்டைகளை வாங்கித் தம் வண்டிக்கும் பூட்டிக்கொள்ள விழைவர். இவ்விருதிறத்தார் எண்ணமும் பொருந்தாதென்பதையும், அவ்விளக்கின் பயன் இன்னதென்பதையும், அதனை நம் கையாலேயே பூட்டுங்கால் கைக்கொள்ளத்தக்க முறையையும் ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

மோட்டார்த் தொழிலாளர் இவ்விளக்கிற்கு இட்டு வழங்கும் பெயர் டி. ஆர். எல். என்பதாம். பகலோட்ட விளக்கு என்று நாம் அதனைத் தமிழிற் கூறலாம். ஹெட்லைட் எனப்படும் முகப்பு விளக்கு ஓட்டுவோனுக்குப் பாதையைக் காட்டுவது. பகலோட்ட விளக்கு பிறர்க்கு வண்டியைக் காட்டுவது. அதனால் விளையும் நன்மை வண்டிக்குள் அமர்ந்திருப்பவனுக்கு எவ்வளவோ, சாலையைக் கடக்க நிற்பவனுக்கும் அவ்வளவு உண்டு. இவ்வொரு வேறுபாட்டை மனத்தில் நிறுத்திக்கொண்டால், பின்னர்க் கூறும் விதிகள் யாவும் எளிதில் விளங்கும்.

நம் பகுதியையே எடுத்துக்கொள்வோம். வேலூரிலிருந்து ஊசூர் வழியாக அணைக்கட்டிற்கும் ஒடுகத்தூருக்கும் செல்லும் சாலை ஒருபுறம். பள்ளிகொண்டா வழியாக ஆம்பூர் நோக்கிச் செல்லும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை மற்றொருபுறம். ஆம்பூர்ப் பகுதியின் தோல் பதனிடும் சாலைகளுக்கும் காலணித் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்குச் செல்வோர், பொழுது நன்கு புலராமுன்னரே சாலையோரங்களில் வந்து நிற்கின்றனர். மிதிவண்டியும், இருசக்கர மோட்டார் வண்டியும், டிராக்டரும், தொழிலாளரை ஏற்றிச் செல்லும் வேன்களும் ஒரே சாலையில் நெருங்கி ஓடுகின்றன. கருநிறக் காரொன்று மரநிழலிலிருந்து விரைந்து வருங்கால், வெயிலிற் பழகிய கண்ணுக்கு அது நிழலோடு நிழலாகவே தோன்றும். கார்காலத்துத் தூறலிலும், லாரி எழுப்பும் புழுதியிலும் அப்படியே. அத்தருணத்தில் வெண்புள்ளிகள் இரண்டு தெரியுமாயின், அடியெடுத்து வைப்பவன் காலைப் பின்வாங்குதற்கு ஓரிரு விநாடிகள் மிகுதியாகக் கிடைக்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடுமாதலின், அவ்விநாடியின் மதிப்பு சிறிதன்று.

இவ்வழக்கம் முதலில் வேரூன்றியது சூரியன் தாழ்ந்தே செல்லும் வடதேசங்களில். பின்லாந்தில் 1972-ஆம் ஆண்டிலேயே குளிர்காலத்தில் ஊர்ப்புறச் சாலைகளில் பகலிலும் விளக்கெரித்தல் கட்டாயமாக்கப்பட்டது. சுவீடன் 1977-இல் எல்லாக் காலத்திற்கும் அதனை விதித்தது. கனடாவில் 1989 டிசம்பர் முதல் தேதிக்குப் பின் செய்யப்படும் புதுவண்டிகளுக்கும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 பிப்ரவரி 7 முதல் புதுவகைக் கார்களுக்கும் இவ்விளக்கு இன்றியமையாததாயிற்று. நம் இந்திய தேசத்தில் 2017 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, புதிய இருசக்கர மோட்டார் வண்டிகளின் முகப்பு விளக்கு எஞ்சின் ஓடும்போது தானே எரியுமாறு அமைக்கப்படுகின்றது. வெயில் மிகுந்த நம் நாட்டிற்கு இஃது எதற்கு என்று வினவுவார்க்கு, நிழலும் புழுதியும் மழையும் வைகறையும் நமக்கும் உண்டென்பதே விடையாகும்.

இனி, விளக்கின் இயல்பைச் சிறிது நோக்குவோம். எல். இ. டி. என்பது மின்சாரம் பாயுங்கால் ஒளியுமிழும் ஒரு சிறு திண்பொருட் சில்லு. இதில் காய்ந்து ஒளிரும் இழை கிடையாது. சிலிக்கன் கார்பைடில் இத்தகைய ஒளியை 1907-இல் ரவுண்ட் என்பார் கண்டெழுதினார். கண்ணுக்குப் புலனாகும் செவ்வொளிச் சில்லை 1962-இல் ஹோலொன்யாக் அமைத்தார். நீலவொளிச் சில்லைக் கண்ட ஜப்பானிய அறிஞராகிய அகசாகி, அமானோ, நகமுரா என்னும் மூவருக்கும் 2014-இல் பௌதிகத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது. அந்நீலச் சில்லின்மேல் மஞ்சள் ஒளிதரும் பூச்சொன்று பூசுவதனாலேயே வெள்ளொளி உண்டாகின்றது.

இச்சில்லொன்றிற்குச் சுமார் 3 வோல்ட் மின்னழுத்தம் போதும். ஆதலின் 12 வோல்ட் வண்டிக்கு மூன்று சில்லுகளை வரிசையாய்க் கோத்து, மிச்ச அழுத்தத்தை ஒரு மின்தடையின்மேல் விடுவது மலிவான விளக்குகளின் முறை. பௌதிகம் பயிலும் மாணவர் இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மூன்று சில்லுகளும் 9.3 வோல்ட்டை எடுத்துக்கொள்வதாகக் கொள்வோம். மின்னழுத்தம் 12 வோல்ட்டாயிருக்கையில் தடைக்கு எஞ்சுவது 2.7 வோல்ட். எஞ்சின் ஓடத் தொடங்கியபின் அழுத்தம் 14.4 வோல்ட் அளவிற்கு ஏறும்; அப்பொழுது எஞ்சுவது 5.1 வோல்ட். அழுத்தம் ஐந்திலொரு பங்கு உயர, ஓட்டமோ ஏறக்குறைய இருமடங்காகின்றது. சில மாதங்களில் ஒரு பக்கம் மங்கியும் மறுபக்கம் துடித்தும் எரியும் பட்டை விளக்குகள் பலவற்றின் நோய்க்கு இதுவும் ஒரு காரணம். ஆதலின் மின்னோட்டத்தை ஒரே அளவில் நிறுத்தும் டிரைவர் என்னும் உறுப்பும், வெப்பத்தை வெளியேற்றும் அலுமினிய முதுகும், நீர்புகா உறையும் உடையதையே வாங்கவேண்டும்.

வாங்குமுன் சட்டத்தையும் எண்ணுதல் கடன். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்து 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் முதலிற் குறித்தவற்றினின்றும் வேறுபடுமாறு வண்டியை மாற்றலாகாதென விலக்குகின்றது. 2019 ஜனவரி 9-ஆம் நாள் உச்ச நீதிமன்றமும் இவ்விதியை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அவ்வாண்டில் திருத்தப்பெற்ற சட்டம், முறைதவறிய மாற்றம் ஒவ்வொன்றிற்கும் ரூ. 5,000 அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடந்தருகின்றது. ஆகவே, அதே வகை வண்டிக்கென்று உற்பத்தியாளரே விற்கும் விளக்குத் தொகுதி கிடைக்குமாயின் அதனையே கொள்வதும், ஐயமிருப்பின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னரே கேட்டறிவதும் அறிவுடைமை. நிறம் வெள்ளையே ஆகவேண்டும். செந்நிறம் முகப்பிற்கு ஆகாது. நீலமும் சிவப்புமாய் மினுக்குவன ஆம்புலன்ஸ், காவல் வண்டி முதலியவற்றிற்கு உரியவை. அவற்றின் தோற்றத்தை நாம் மேற்கொண்டால், உயிர்காக்கச் செல்லும் வண்டிக்கு வழிவிடும் வழக்கமே சாலையில் மதிப்பிழந்துவிடும்.

பூட்டுமிடத்தைப் பற்றி ஐக்கிய நாடுகளின் வாகன ஒழுங்குவிதிகள் தெளிவாகக் கூறுகின்றன. தரையிலிருந்து 25 சென்டிமீட்டருக்குக் குறையாமலும் 150 சென்டிமீட்டருக்கு மேற்படாமலும் விளக்கு அமைதல் வேண்டும். இருவிளக்குகளின் உள்விளிம்புகளுக்கிடையே 60 சென்டிமீட்டரேனும் இடைவெளி இருக்கவேண்டும்; நெருங்கியிருந்தால் தொலைவிலிருந்து நோக்குவோன் காரை இருசக்கர வண்டியென்று மயங்குவான். ஒவ்வொரு விளக்கின் ஒளியும் 400 கண்டேலாவுக்குக் குறையாமலும் 1,200 கண்டேலாவுக்கு மிகாமலும் இருத்தல் வேண்டும். இண்டிகேட்டருக்கு மிக அருகில் வைத்தால் திரும்பும் குறிப்பு இவ்வொளியில் மறைந்துபோகும். ஆதலின் விலக்கி வைத்தல் நன்று. ரேடியேட்டருக்குக் காற்றுப் புகும் வாயை அடைத்தலும், பம்பருக்குப் பின்னுள்ள மோதலுணர் கருவிகளை அசைத்தலும் கூடாது.

இனிப் பூட்டும் முறை. வேலை தொடங்குமுன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிடுக. இவ்விளக்குகளுக்கு மின்சாரத்தைப் பேட்டரியிலிருந்து நேரே எடுத்தல் பெரும்பிழை. 6 வாட் விளக்குகள் இரண்டு, 12 வோல்ட்டில் 1 ஆம்பியர் இழுக்கும். அவை பன்னிரண்டு மணி நேரம் அணையாதிருப்பின் 12 ஆம்பியர்-மணி செலவாகும். 35 ஆம்பியர்-மணி கொண்ட சிறு பேட்டரியில் மூன்றிலொரு பங்கு ஓரிரவில் ஒழிந்துவிடும். மறுமுறை எஞ்சின் கிளம்புவது ஐயமே. ஆதலின் சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர்பெறும் ஃபியூஸ் ஒன்றை மல்டிமீட்டரால் சோதித்தறிந்து, அதனின்றும் தனிக்கிளையாக, 3 ஆம்பியர் ஃபியூஸ் இட்டு எடுக்கவேண்டும். ஃபியூஸ் காப்பது விளக்கையன்று, வயரை. உறை தேய்ந்த வயர் இரும்புத் தகட்டைத் தொடுமாயின், நூற்றுக்கணக்கான ஆம்பியர் தரவல்ல பேட்டரி அதனைக் காய்ச்சித் தீப்பற்றச் செய்யும். ஆகையால் ஃபியூஸ் வயரின் தொடக்கத்திலேயே இருக்கவேண்டும்.

அடுத்தது ரிலே. ஐந்து முனையுள்ள சாதாரண ரிலே ஒன்றில் 30, 85, 86, 87, 87ஏ என்னும் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். மேற்சொன்ன ஃபியூஸிலிருந்து வரும் வயரை 30-இல் இணைக்க. 87ஏ-யிலிருந்து இருவிளக்குகளின் நேர்முனைகளுக்கும் வயர் செல்லட்டும். விளக்குகளின் எதிர்முனைகளை வண்டியின் உலோக உடலில், வண்ணம் சுரண்டிய இடத்தில், இறுக்கமாகப் பிணைக்க. பார்க்கிங் விளக்கிற்குச் செல்லும் நேர்மின் வயரிலிருந்து ஒரு கிளையை 86-க்குக் கொணர்ந்து, 85-ஐ உலோக உடலில் சேர்க்க. 87 வெறுமையாய் இருக்கும்; அதன் முனை எதிலும் படாவண்ணம் மூடப்பட வேண்டும். இவ்வமைப்பின் செயல் எளியது. இரவு விளக்குகள் அணைந்திருக்கையில் ரிலேயின் சுருள் உறங்கும். 30-உம் 87ஏ-யும் தொட்டுக்கொண்டிருக்கும். சாவியைத் திருப்பியதும் பகலோட்ட விளக்கு எரியும். இரவு விளக்கை ஏற்றியவுடன் சுருள் காந்தமாகித் தொடர்பைப் பிரிக்கும். பகலோட்ட விளக்கு தானே அணையும். ஓட்டுவோன் நினைவில் வைக்கவேண்டியது ஒன்றுமில்லை.

இங்ஙனம் தானே அணையும்படி செய்தல் ஏன் இன்றியமையாதது? பகலில் 1,200 கண்டேலா ஒளி கண்ணை உறுத்தாது. இரவிலோ, தாழ்த்திய முகப்பு விளக்கிலிருந்து எதிரில் வருவோர் கண்ணுக்குச் செல்ல அனுமதிக்கப்படும் ஒளியைக் காட்டிலும் இது சில மடங்கு மிகுதியாகும். பகலிற் பிறரைக் காக்கும் அதே விளக்கு, இரவில் எதிரே மிதிவண்டியில் வரும் ஏழையின் கண்ணைக் குருடாக்கிவிடும்.

சில புதுவகை வண்டிகளில் விளக்குகளை ஒரு சிறு கணிப்பொறி ஆளுகின்றது. விளக்கிற்குச் செல்லும் மின்சாரத்தை அது துடிப்புகளாக அனுப்புவதுமுண்டு. புதிதாய் ஒரு கிளை சேர்ந்ததை உணர்ந்து பழுதென்று அறிவிப்பதுமுண்டு. மல்டிமீட்டரில் அழுத்தம் நிலையாய் நில்லாவிடின், அவ்வண்டியின் வயரைத் துளைக்காமல் தேர்ந்த எலெக்ட்ரீஷியனிடம் விடுதலே முறை. மற்றை வண்டிகளில், 0.75 சதுர மில்லிமீட்டர் செப்பு வயரை நெளிகுழாயினுள் செலுத்தி, எஞ்சினின் சூடான பாகங்களுக்கும் சுழலும் விசிறிக்கும் எட்ட ஒதுக்கிக் கட்டுக. இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றி விடாமல், நெருக்கிப் பிணைத்துச் சுருங்குகுழாய் இட்டு மூடுக. ரிலேயின் முனைகள் கீழ்நோக்கியிருந்தால் மழைநீர் தங்காது.

முடிந்தபின் சோதனை செய்க. சாவி திருப்புகையில் எரிதல், சாவி நீக்குகையில் அணைதல், இரவு விளக்கேற்றுகையில் அணைதல் ஆகிய மூன்றையும் பார்க்கவேண்டும். பின்னர் இருபதடி தொலைவில் நண்பரொருவரை நிறுத்தி, இண்டிகேட்டர் மினுக்குவது தெளிவாய்த் தெரிகின்றதாவென வினவுக. அரைமணி எரியவிட்டு, இணைப்புகள் சுடவில்லையென்பதைத் தொட்டறிக.

ஓர் எச்சரிக்கை இன்னும் கூறவேண்டும். பகலோட்ட விளக்கு முகப்பில் மட்டுமே எரியும், பின்விளக்கு இருண்டேயிருக்கும். மாலை மயங்குகையில் முன்னே ஒளி தெரிதலைக் கண்டு, எல்லா விளக்கும் எரிகின்றதென்று ஓட்டுவோன் எண்ணி ஏமாறுதல் கூடும். பின்னால் வரும் லாரிக்கு அவன் வண்டி தெரியாது. பெருமழையிலும் அந்திப்பொழுதிலும் இரவு விளக்கை ஏற்றும் பழக்கத்தை இவ்விளக்கு மாற்றலாகாது.

ஆயிரம் ரூபாய்ப் பொருளாயினும், ஐந்நூறு ரூபாய்ப் பொருளாயினும், இதனைப் பூட்டுகிறவன் முதலில் தன் வண்டியினின்றும் இறங்கி, சாலையின் எதிர்ப்புறத்தில் நின்று அதனை நோக்கவேண்டும். அங்கு நிற்போனுக்கு வண்டி தெரிகின்றதா, அவன் கண் கூசாதிருக்கின்றதா என்னும் இரண்டே வினாக்கள். இவ்விரண்டிற்கும் தக்க விடை கூறவல்ல விளக்கே பூட்டத்தக்கது; ஏனையது எத்துணை அழகியதாயினும் விலக்கத்தக்கது. நம் மாணவ நண்பர்கள் விடுமுறையில் இக்கைத்தொழிலில் இறங்குவாராயின், வகுப்பிற் கற்ற மின்னியலும், அயலாரிடத்துக் காட்டவேண்டிய கருதலும் ஒருங்கே பயன்படுதலைக் காண்பார்கள்.