பிளக்கின் தலைமேல் ஒரு காயில்

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி உச்சிவரை ஏறியவர்கள் அங்கே வெயிலில் கிடக்கும் பழைய பீரங்கியைப் பார்த்திருப்பார்கள். மருந்தைக் கெட்டித்து, குண்டை உருட்டிவிட்டு, பின்புறத் துளையில் சிறிது மருந்து தூவி, கனலும் திரியை அதில் காட்டுகிற வரையில் பீரங்கிக்காரனை அவசரப்படுத்துவார் எவருமில்லை. 1690-இல் தொடங்கி 1698 வரை முற்றுகை நீடித்த ஊரில் காலத்துக்கு என்ன பஞ்சம்? ஆனால் அந்தக் கோட்டையையே ஊடறுத்துச் செல்லும் திண்டிவனம் - திருவண்ணாமலைச் சாலையில் பறக்கிற மோட்டார் வண்டியின் எஞ்சினுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிஷத்துக்கு 6000 சுற்றுச் சுழன்றால் விநாடிக்கு 200 முறை நெருப்பு வைத்தாக வேண்டும்.

பழைய அம்பாஸிடரிலும் பிரீமியர் பத்மினியிலும் இந்த வேலை முழுவதையும் ஒரே காயில்தான் சுமந்தது. 12 வோல்ட் கரண்ட் அதன் தடித்த சுருளில் பாயும்போது காந்த சக்தி படிப்படியாகத்தான் ஏறும். ஏறி நிறைந்த க்ஷணத்தில் கரண்டைத் துண்டித்தால் அந்தச் சக்தி சரிந்து, மெல்லிய சுருளில் பல்லாயிரம் வோல்ட்டாக வெளிப்படும். அதை டிஸ்ட்ரிபியூட்டர் வாங்கி, சுழலும் ரோட்டார் வழியாக முறைப்படி ஒவ்வொரு பிளக்குக்கும் அனுப்பும். 6000 சுற்றில் ஒரு பொறிக்கும் அடுத்ததற்கும் இடையே 5 மில்லி விநாடி; 9000 சுற்றில் 3.3 மில்லி விநாடிதான். காயில் நிறையவே ஏறத்தாழ 3 மில்லி விநாடி பிடிக்குமானால், பொறி நின்று எரிவதற்கு எஞ்சுவது என்ன? சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில் பந்தயம் ஓடிய காலத்தில் கரண்டைத் துண்டிக்கும் பாயிண்டும் ரோட்டாரும் பட்ட பாட்டை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

ஒவ்வொரு பிளக்கின் தலைமேலும் தனித்தனிக் காயிலை அமர்த்திவிட்டால், 6000 சுற்றில் ஒவ்வொன்றுக்கும் 20 மில்லி விநாடி அவகாசம் கிடைக்கிறது. மாருதி சுசூகியின் கே வரிசை எஞ்சின்கள் பிறக்கும்போதே இந்த ஏற்பாட்டோடுதான் வந்தன. பழைய எஞ்சினில் இதைப் பொருத்த விரும்புகிறவர்கள் பெரிய பொறி கிடைக்கும் என்றே ஆசைப்படுகிறார்கள். என் அபிப்பிராயத்தில் இதன் உண்மையான லாபம் காலம்தான். உயர் அழுத்த ஒயரும் ரோட்டார் இடைவெளியும் ஒழிவது உபரி லாபம்.

ஆயினும் காயிலை வாங்கிச் செருகுவது வேலையில் அற்பப் பங்கே; எஞ்சிய சாமர்த்தியமெல்லாம் ஒயரிங்கில் இருக்கிறது. இரண்டு முனை மட்டுமுள்ள காயிலுக்குப் பெரும்பாலும் கரண்டை விட்டுத் துண்டிக்கும் இக்னைட்டர் வெளியே தனியாக வேண்டும். மூன்று அல்லது நான்கு முனையுள்ளவற்றில் அது உள்ளேயே அடங்கியிருப்பது வழக்கம். பழைய காயிலுக்குச் சாவியிலிருந்து வந்த மெலிந்த ஒயரையே நான்குக்கும் பகிர்ந்து கொடுப்பது சிக்கனம்போலத் தோன்றினாலும், வேகம் ஏற ஏற வோல்ட் சரிந்து வந்த லாபமெல்லாம் அதிலேயே கரைந்துபோகும். பாட்டரியிலிருந்து பியூஸ், ரிலே வழியாகத் தடித்த ஒயர் ஒன்று நேராக வரவேண்டும்.

எர்த் விஷயத்தில்தான் தேர்ந்த கைகளும் சறுக்குகின்றன. பொறியின் கரண்ட் பிளக்கின் உடல் வழியாகச் சிலிண்டர் ஹெட்டில் இறங்கிக் காயிலுக்குத் திரும்புவதால், இக்னைட்டரின் எர்த்தை ஹெட்டிலேயே பெயிண்ட் சுரண்டிய இடத்தில் இறுக்க வேண்டும். சென்சார்களின் எர்த் இதனோடு கலவாமல் தனி வழியில், பொறியின் தருணத்தைக் கணிக்கும் கம்ப்யூட்டருக்குப் போக வேண்டும். கலந்தால், கிராங்க் எங்கே நிற்கிறது என்று சொல்லும் நுண்ணிய சிக்னலில் பொறியின் இரைச்சல் புகுந்து, கம்ப்யூட்டர் கிராங்கின் பற்சக்கரத்தில் இல்லாத பல்லை எண்ணத் தொடங்கும். இணைப்புகளை ஈயம் பற்றவைப்பதைவிட நல்ல கிரிம்ப் செய்வதே உத்தமம், ஏனெனில் ஈயம் ஏறிய இடத்தில் ஒயர் விறைத்து, அதன் விளிம்பில் அதிர்வினால் ஒடிந்துபோகிறது.

கேம் சென்சார் இல்லாத எஞ்சினில், எந்தச் சிலிண்டர் அழுத்தத்தில் இருக்கிறது, எது புகையை வெளியேற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஆதலால் 1, 4 ஆகியவற்றை ஒரு ஜோடியாகவும் 2, 3 ஆகியவற்றை மற்றொரு ஜோடியாகவும் சுற்றுக்கு ஒரு முறை பொறிக்கச் செய்வார்கள். ஒன்றில் பொறி வீண்தான், கேடில்லை. அப்போது ஒவ்வொரு காயிலின் அவகாசமும் 10 மில்லி விநாடியாகக் குறைகிறது, ஆனாலும் போதும். கேம் சென்சார் உண்டானால், 1-3-4-2 என்ற வரிசை ஒயரில் சரியாக விழுந்திருக்கிறதா என்று இருமுறை பார்ப்பது நலம். பல கம்ப்யூட்டர்களில் இரண்டாவது வெளியீடு இரண்டாவது சிலிண்டருக்கு அன்று, வரிசையில் இரண்டாவதாக வரும் மூன்றாவதற்கே உரியது.

முதல் முறை எஞ்சினைச் சுழற்றுமுன் பெட்ரோல் இன்ஜெக்டர்களின் இணைப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சாவியை மட்டும் திருப்பி, காயில்களைத் தொட்டுப் பார்க்க வேண்டும். எஞ்சின் சுழலாத நிலையிலேயே அவை சூடேறினால், கட்டளை தலைகீழாகப் பதிவாகியிருக்கிறது. காயில்கள் ஓயாமல் நிறைந்துகொண்டிருக்கின்றன, சில நிமிஷத்தில் கருகும். கடைசியாக டைமிங் லைட். கம்ப்யூட்டர் 10 டிகிரி என்று காட்டும்போது கப்பியிலுள்ள குறியும் அங்கேதான் நிற்கிறதா என்று சோதிக்க வேண்டும். ஆனால் லைட்டின் கிளிப்பை மாட்ட இப்போது பிளக் ஒயரே கிடையாது. முதல் காயிலைத் தூக்கி, அதற்கும் பிளக்குக்கும் நடுவே தாற்காலிகமாக ஒரு பழைய பிளக் ஒயரைச் செருகிக்கொள்வதுதான் பட்டறைக்காரர்களின் உபாயம்.