புஷ்ஷை மட்டும் அளந்தால் போதுமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

ஜிம்முக்குப் போறவங்க இதைக் கவனிச்சிருப்பீங்க. ஷோல்டர் பிரஸ் மெஷின்ல உட்கார்ந்து கைப்பிடியைத் தள்ளும்போது 'கடக்'னு ஒரு சத்தம். கைப்பிடி லேசா ஒரு பக்கம் சாயும். நாம பேசாம வேற மெஷினுக்குப் போயிடுவோம். எங்க மாஸ்டருக்கு அந்த வசதி இல்லை. அவர்கிட்ட இருக்கிறது அந்த ஒரே மெஷின்தான். அந்த மாடலுக்கு இப்போ பார்ட்ஸும் வர்றதில்லை.

சத்தத்துக்குக் காரணம் புஷ். மெஷினோட கை எந்தப் பின்னைச் சுற்றி ஆடுதோ, அந்தப் பின்னுக்கு மேலே மாட்டியிருக்கிற சின்னக் குழாய் அது. இரும்பும் இரும்பும் நேரா உரசாம நடுவில் நிற்கிறதுதான் அதோட வேலை. அரை மில்லிமீட்டர் தேய்ஞ்சா என்ன ஆகிடும்னு தோணும். இரண்டு புஷ்ஷுக்கு நடுவே 10 சென்டிமீட்டர், கைப்பிடி 1 மீட்டர் தள்ளி இருக்குன்னா, அந்த அரை மில்லிமீட்டர் கைப்பிடியில் 5 மில்லிமீட்டர் ஆட்டமா மாறும். தலைக்கு மேலே வெயிட் இருக்கும்போது அதைச் சமாளிக்கிறது உங்க தோள்பட்டை.

புது புஷ்ஷை லேத் பட்டறையில் கடைஞ்சு வாங்கிடலாம். எதுல கடையறது? மாஸ்டருக்கு, தேயவே தேயாத கெட்டி ஸ்டீல் வேணும். நான் நைலான், டெல்ரின், ஸ்டீல்னு மூணுலயும் ஒவ்வொரு செட் வாங்கி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு புதுப் பின் போட்டு, ஓட்டிப் பார்க்கலாம்னு இறங்கினேன்.

முதல்ல கணக்கு. ஒரு நாளைக்கு 30 பேர், ஆளுக்கு 3 செட், செட்டுக்கு 12 ரெப். மொத்தம் 1,080. வருஷத்துக்கு 300 நாள்னா 3,24,000. ஒரு பழைய கார் வைப்பர் மோட்டாரை வைச்சு, மெஷின்ல வர்ற அதே எடையைத் தொங்கவிட்டு, நிமிஷத்துக்கு 45 தடவை ஆட்டினேன். அஞ்சு நாள் நிக்காம ஓடினா ஒரு வருஷக் கணக்கு முடிஞ்சிடும். சூப்பர்ல?

இல்லை. முதல் நாளே நைலான் புஷ் தொட முடியாத சூடு. ஜிம்ல ஒரு ரெப்புக்கு மூணு நாலு நொடி ஆகும், செட்டுக்கு நடுவே ஓய்வும் உண்டு. உரசலில் வர்ற சூடு அழுத்தத்தையும் வேகத்தையும் பொறுத்தது. பிளாஸ்டிக் அந்தச் சூட்டைச் சீக்கிரம் வெளியே விடாது. அப்போ நான் சோதிச்சது தேய்மானத்தை இல்லை, சூட்டைத்தான். அதனால நிமிஷத்துக்கு 20ஆகக் குறைச்சு, பத்து நிமிஷம் ஓட்டம், பத்து நிமிஷம் ஓய்வுன்னு மாத்தினேன். ஒவ்வொரு செட்டுக்கும் மூணு வாரத்துக்கு மேல ஆச்சு.

அடுத்தது வியர்வை. தினமும் உப்புத்தண்ணி தெளிச்சேன். நைலான் தண்ணி குடிக்கும். நைலான் 6 தண்ணியிலேயே ஊறினா அதோட எடையில் சுமார் 9 சதவீதம் வரைக்கும் உறிஞ்சிக்கும், டெல்ரின் 1 சதவீதத்துக்கும் கீழே. புஷ் வெளியே ஊதிக்க இடமில்லை, சுத்தி இரும்பு. அதனால உள் ஓட்டை சின்னதாகி, பின்னைப் பிடிச்சுக்கிச்சு. மோட்டார் முனகவே ஆரம்பிச்சிடுச்சு. சென்னைக் காத்துல நைலான் போடறதா இருந்தா, கடையும்போதே கொஞ்சம் கூடுதல் இடைவெளி விடணும்.

கடைசியா வெர்னியர் வைச்சு அளந்தேன். டெல்ரின் உள்ளே கொஞ்சம் அகலமாகியிருந்தது. ஸ்டீல் அப்படியே இருந்தது. ஜெயிச்சது ஸ்டீல்தான்னு லேத் அண்ணன்கிட்ட பெருமையாச் சொன்னேன். அன்னிக்கு சாயங்காலமே மாஸ்டர் அதை மாட்டுறதா இருந்தார்.

அண்ணன் ஒண்ணுதான் கேட்டார். "புஷ்ஷ அளந்த, சரி தம்பி. பின்ன அளந்தியா?"

அளக்கலை. ஸ்டீல் புஷ்ஷோட ஓடின பின்னை எடுத்து, "நகத்தால தடவிப் பாரு"ன்னு கையில கொடுத்தார். நகம் மாட்டுச்சு. கிரீஸ் காஞ்ச இடத்தில் எல்லாம் கோடு கோடா கீறல். டெல்ரினோட ஓடின பின் வழவழன்னு இருந்தது.

"தேயறதுக்குத்தான்பா புஷ்ஷு. அது தேயலைன்னா வேற எதுவோ தேயுதுன்னு அர்த்தம். புஷ்ஷ தட்டி எடுத்துட்டு வேற போடலாம். பின்னு போச்சுன்னா மெஷினையே பிரிக்கணும்."

மூணு வாரம் சரியா ஓட்டிட்டு, பாதியைத்தான் அளந்திருக்கேன். மாஸ்டருக்கு உடனே போன் பண்ணி நிறுத்தச் சொன்னேன். இப்போ ஓடுறது டெல்ரின். ஒரு மெஷின்ல பார்த்ததுதான், எல்லா மெஷினுக்கும் இதுவே தீர்ப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா எந்தப் புஷ்ஷா இருந்தாலும் பின்னையும் சேர்த்து அளங்க.

நாளைக்கு ஜிம்முக்குப் போனா, வெயிட் போடாம கைப்பிடியைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்க. ஆட்டம் இருந்தா மாஸ்டர்கிட்ட சொல்லுங்க. எண்ணெய் விட்டா சத்தம் போகும், ஆட்டம் போகாது.

அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.