வாசலுக்கு வந்த வாயில்லா ஜீவன்

எக்கியார்குப்பத்துக் கடற்கரையில் காலை வேளையில் நின்று பார்த்தவர்கள் இக்காட்சியை அறிவார்கள். படகு கரையேறி, வலையிலிருந்து மீன் உதறப்படும்போது, காக்கைகளின் கூச்சலுக்கும் நாய்களின் சண்டைக்கும் அப்பால், சற்று ஒதுங்கி அமர்ந்து தன் முறைக்காகக் காத்திருக்கும் பூனைகள். மழைக்காலம் வந்து கடல் கொந்தளித்தால் படகுகள் இறங்குவதில்லை. மரக்காணத்து உப்பளப் பாத்திகளும் நீரில் மூழ்கி, வேலை நின்றுவிடுகிறது. மனிதனின் வருவாய் குறையும் அதே நாள்களில் அப்பூனைகளின் இரையும் குறைகிறது. அப்போதுதான் அவற்றில் ஒன்று உங்கள் திண்ணையேறி, காலில் உடலை உரசி, முகம் பார்த்துக் குரல் கொடுக்கிறது.

அன்பு வாசகரே! நீங்கள் என்ன செய்வீர்கள்?

வீட்டினுள்ளே ஏற்கெனவே ஒரு பூனை இருக்கிறது. அது ஈன்ற குட்டிகள் அடுப்பங்கரை மூலையில் கண் திறந்தும் திறவாமலும் கிடக்கின்றன. கொல்லையில் கோழி குஞ்சு பொரித்திருக்கிறது. வந்ததை விரட்டினால் நெஞ்சு உறுத்துகிறது. உள்ளே விட்டாலோ, அதன் உடலில் என்ன நோய் இருக்கிறதென்று யார் அறிவார்? இரக்கம் ஒருபுறம் இழுக்க, பொறுப்பு மறுபுறம் இழுக்கிறது.

வீட்டு விலங்கைப் பிள்ளைபோல் போற்றுவது இக்கடற்கரைக்குப் புதிதன்று. உப்பு வணிகர் வளர்த்த மந்தி அவர்களுடைய குழந்தைகளோடு விளையாடும் காட்சியைச் சிறுபாணாற்றுப்படை காட்டுகிறது. அந்நூல் பேசும் எயிற்பட்டினம் மரக்காணமே என்பது அறிஞர் பலரின் கருத்து.

இனி நம் மார்க்கம் காட்டும் வழியைப் பார்ப்போம். நபித்தோழர் அபூ கதாதா (ரலி) அவர்களுக்கு அவர்களுடைய மருமகள் கப்ஷா ஒளுச் செய்யத் தண்ணீர் எடுத்து வைத்தார்கள். அதைக் குடிக்க ஒரு பூனை வந்தது. அபூ கதாதா (ரலி) அதை விரட்டவில்லை. அது எளிதாகக் குடிக்கும்படி பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். மருமகள் வியப்போடு நோக்கவே, பூனை அசுத்தமானதன்று என்றும், அது உங்களைச் சுற்றிச் சுற்றி வருபவற்றில் ஒன்று என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியிருப்பதை எடுத்துரைத்தார்கள். சுற்றி வருபவர் என்னும் இச்சொல்லைத் திருமறையின் 24-ஆம் அத்தியாயம் வீட்டில் பணிபுரிவோரையும் சிறுவரையும் குறித்து ஆளுகிறது. பூனைக்கு இதனினும் நெருக்கமான உறவுமுறை வேறென்ன வேண்டும்?

(தம் அங்கியின் மீது உறங்கிய பூனையை எழுப்ப மனமின்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அங்கியின் கையையே வெட்டினார்கள் என்றொரு கதை மேடைதோறும் சொல்லப்படுகிறது. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆயினும் ஹதீஸ் நூல்களில் அதற்கு ஆதாரம் இல்லை. உண்மையான செய்திகள் இத்தனை இருக்க, நமக்கு அது எதற்கு?)

அதே நபிகளார் (ஸல்) மற்றோர் ஆணையும் பிறப்பித்திருக்கிறார்கள். நோயுற்ற ஒட்டகங்களை உடையவர் அவற்றை நலமான ஒட்டகங்களோடு கொண்டுவந்து சேர்க்கலாகாது என்பது அது. புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ள இச்செய்தியை அறிவித்தவர் யார் தெரியுமா? ‘பூனைக்குட்டியின் தந்தை’ என்ற பொருளில் அழைக்கப்பெற்ற அபூ ஹுரைரா (ரலி) அவர்களேதாம்! பூனைக்குப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுக்கும் கையே, நோயையும் நலத்தையும் பிரித்து வைக்கவும் வேண்டும்.

எனவே வந்த பூனையைத் தனித்து வைக்க வேண்டும். இங்கே ஓர் ஐயம் எழும். பூனையை அடைத்து வைத்த பெண் நரகத்துக்கு ஆளானாள் என்று நபிமொழி எச்சரிக்கிறதே. நாமும் அடைத்து வைக்கலாமா? அந்நபிமொழியை நிறுத்தி வாசியுங்கள். அவள் உணவும் நீரும் கொடுக்கவில்லை. பூமியிலுள்ள சிற்றுயிர்களைப் பிடித்துத் தின்னட்டும் என்று திறந்துவிடவும் இல்லை. அதுவே அவளுடைய குற்றம். உணவையும் நீரையும் கவனித்து வந்தால் பூனையை வளர்க்கலாம், கட்டியும் வைக்கலாம் என்று இந்நபிமொழியிலிருந்தே இமாம் குர்துபி பெற்ற முடிவை இப்னு ஹஜர் அவர்கள் தம் ஃபத்ஹுல் பாரியில் எடுத்துரைக்கிறார்கள். ஆனால் தாழ்ப்பாளைப் போட்ட அந்தக் கணமே அப்பூனையின் பசியும் தாகமும் உங்கள் கழுத்தில் ஏறிய அமானிதமாகிவிடுகின்றன. தெருவில் திரிந்தபோது அதற்கு நீங்கள் தரும் உணவு ஸதகா. அடைத்தபின் அது கடன்.

நடைமுறைக்கு வருவோம். முதலில் தண்ணீர். நிலத்தடி நீரும் உவர்க்கும் உப்பளக் கடற்கரையில், மீனைவிட நல்ல தண்ணீரே அரிது. கிணற்றில் இறங்கித் தன் காலுறையில் நீர் முகந்து நாயின் தாகம் தீர்த்தவனுக்கு இறைவன் பாவம் மன்னித்த வரலாற்றை நாம் அறிவோம். அங்கே கிணறு ஆழமாயிருந்தது. உங்களுக்கு ஒரு கொட்டாங்குச்சியை நிரப்பும் வேலைதான். உணவாக முள் நீக்கி, உப்பின்றி வேகவைத்த மீன் போதும். கருவாட்டுத் தலையைப் போடாதீர்கள். அதிலுள்ள உப்பு அதற்குக் கேடு. பாலும் வேண்டாம்; வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்கு அது வயிற்றுப்போக்கைத் தரும். காய்ச்சல் கண்டதென்று நமக்குக் கொடுக்கும் பாரசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டைக்கூடக் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது நஞ்சு.

அடுத்து, இடம். தனி அறை இருந்தால் நன்று. இல்லையேல் மாட்டுக் கொட்டிலின் ஒரு மூலையை மறைத்துக் கொள்ளலாம். ஓரிரு மணி நேரத்துக்கானால் கோழியை மூடும் பஞ்சாரமும் உதவும். குறைந்தது 14 நாள்கள் அது உங்கள் பூனையோடு கலக்கலாகாது. இத்தனை கண்டிப்பு எதற்கு என்று கேட்பீர்கள். பான்லூக்கோபீனியா என்றொரு நச்சுயிரி நோய் உண்டு. வாந்தி, வயிற்றுப்போக்கு, உணவு மறுத்துச் சுருண்டு கிடத்தல் ஆகியவை அதன் அடையாளங்கள். குட்டிகளைப் பெரும்பாலும் அது பிழைக்க விடுவதில்லை. பூனையும் பூனையும் சந்திக்கவே வேண்டியதில்லை. உங்கள் கை, கைலியின் விளிம்பு, உணவுத் தட்டு இவற்றின் வழியாகவே அது வீட்டுக்குள் வந்துவிடும். ஓராண்டு வரைகூடத் தரையில் உயிர்ப்போடு இருக்க வல்லது. வெறும் சோப்புநீருக்கு அது அடங்காது. ப்ளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் இடத்தைத் துடைத்து, பிறகு நல்ல நீரால் அலசி, உலர்ந்தபின் பூனையை விட வேண்டும்.

ஆகவே நாள்தோறும் வீட்டுப் பூனைக்கு முதலில் உணவிடுங்கள், வந்ததற்குப் பிறகு. அதன் தட்டு வேறு, படுக்கைத் துணி வேறு. அதைத் தொட்டபின் கைகழுவி, உடை மாற்றிக்கொண்டு குட்டிகளிடம் செல்லுங்கள். உங்கள் குட்டிகள் இன்னும் தடுப்பூசி பெறாத பருவத்தினவானால், என் கருத்து வெளிப்படையானது: அந்த மழைக்காலம் முழுவதும் வந்த பூனைக்குத் திண்ணையே போதும். திண்ணையில் சாக்கு விரித்த ஒரு மரப்பெட்டி கொடுமையன்று.

ஊசி விஷயத்தில் பலர் தலைகீழாக நடக்கிறார்கள். புதிதாக வந்ததைக் கூடையிலிட்டு மருத்துவரிடம் ஓடுகிறார்கள். உள்ளே இருக்கும் பூனை ஓர் ஊசியும் கண்டிராது. உள்ளதற்கு முதலில் போடுங்கள். அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். இரத்தப் பரிசோதனை போன்றவை தேவைப்பட்டால், புதுச்சேரி குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்வி நிலையம் இருக்கிறது. பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ, ஓடும் நீரில் 15 நிமிடம் சோப்பிட்டுக் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மஞ்சள் அப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். வெறிநோய் பூனைக்கும் வரும்.

இன்னொன்றை மறந்துவிடுகிறோம். மனிதரிடம் இத்தனை அன்பாக வரும் பூனை, பிறர் வீட்டுச் செல்லமாயிருக்கலாம்! தப்பிப்போன ஆட்டையும் ஒட்டகத்தையும் பற்றி நபிகளாரிடம் (ஸல்) கேட்கப்பட்டது. ஆட்டை எடுத்துக் காக்கலாம். இல்லையேல் அது ஓநாய்க்கு இரையாகும். ஒட்டகத்தை விட்டுவிடும்படி கூறினார்கள். நீருக்கும் தழைக்கும் அது தானே வழி தேடிக்கொள்ளும், உரியவர் வந்து காண்பார். உங்கள் வாசலுக்கு வந்தது இவ்விரண்டில் எதைப் போன்றது? எலும்பு தெரியும் குட்டியா, கொழுத்த கடுவனா? கொழுத்ததாயின், தெருவிலும் தேநீர்க் கடையிலும் மீன் விற்கும் பெண்களிடமும் விசாரித்துவிட்டுப் பிறகு உரிமை கொண்டாடுங்கள்.

இரக்கத்துக்கும் ஏற்பாடு வேண்டும் என்பதற்குக் கெய்ரோ நகரமே சான்று. 1277-இல் காலமான சுல்தான் பைபர்ஸ், பூனைகளின் உணவுக்கென்றே ஒரு தோட்டத்தை வக்ஃபு செய்தார். காலப்போக்கில் தோட்டம் கைமாறி வருவாய் சுருங்கியது. எனினும் காஜியார் தம் பொறுப்பில் அதைத் தொடர்ந்தார் என்றும், அஸர் நேரத்தில் நீதிமன்ற முற்றத்தில் பூனைகள் திரண்டன என்றும் எட்வர்ட் லேன் 1836-இல் வெளியிட்ட நூலில் எழுதுகிறார். அதோடு, வீட்டில் வேண்டாத பூனைகளை மக்கள் அம்முற்றத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார்களாம்! நம் ஊர்களில் மீன்சந்தைக்குக் கோணிப்பையில் குட்டிகள் வருவதும் இவ்வாறுதானே?

பெருகுவதைத் தடுக்கும் அறுவைச் சிகிச்சையைப் பற்றி ஆலிம்களிடையே ஒரே கருத்து இல்லை. நன்மை கருதியும் துன்பமின்றியும் செய்தால் தகும் என்பது ஹனஃபிகளின் போக்கு. ஷாஃபிஈ நூல்களில் கண்டிப்பு மிகுதி. உங்கள் ஊர் ஆலிமைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

14 நாள்கள் கழிந்து, வந்த பூனை நன்றாக உண்டு, ஓடி விளையாடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே கதவைத் திறந்துவிட வேண்டாம். இதன் படுக்கைத் துணியை அதனருகிலும், அதன் துணியை இதனருகிலும் இட்டு, மணத்தால் முதலில் அறிமுகம் நடக்கட்டும். பிறகு மூடிய கதவின் இருபுறமும் இரு தட்டுகள் வைத்து ஒரே நேரத்தில் உணவிடுங்கள். சீற்றம் ஓய்ந்தபின் கதவைச் சற்றே திறக்கலாம். கோழிக்குஞ்சுகள் அப்போது பஞ்சாரத்துக்குள் இருக்கட்டும். இணங்கவே இல்லையென்றால் திண்ணையும் மரப்பெட்டியும் அதற்கென்றே இருக்கின்றன. கொட்டாங்குச்சித் தண்ணீரை மட்டும் நாள்தோறும் மாற்றிவிடுங்கள். கடற்காற்றில் மணல் விழும்.