ஓர் இரவு போதுமா? காப்புப் பிரதிக்குப் பின்னால் உள்ள கணக்கு

2025 செப்டம்பர் 26ஆம் திகதி இரவு தென்கொரியாவின் தேஜோன் நகரில் அமைந்துள்ள தேசிய தகவல் வள நிலையத்தில் தீப்பற்றியது. லித்தியம் அயன் மின்கலங்களில் பிடித்த தீ கணினிக் கூடத்துக்குப் பரவி, அறுநூறுக்கு மேற்பட்ட அரச கணினிச் சேவைகளை நிறுத்திவிட்டது. பல சேவைகள் படிப்படியாகத் திரும்பி வந்தன. பலவற்றுக்கு வேறிடத்தில் பிரதி இருந்தது. 'ஜி-டிரைவ்' என்ற களஞ்சியத்துக்கு அப்படி ஒரு பிரதி இருக்கவில்லை. அரச ஊழியர்கள் தமது அன்றாட வேலைக் கோவைகளைச் சேமித்து வைத்த இடம் அது. எரிந்துபோனது 858 டெராபைட்.

இதில் மனதை வருத்துவது என்னவென்றால், அந்த ஊழியர்கள் கவனயீனமாக இருந்தவர்கள் அல்லர். வேலைக் கோவைகளைச் சொந்த மேசைக் கணினியில் வைக்காமல் ஜி-டிரைவில் வைக்கும்படி அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஆளுக்கு 30 ஜிகாபைட் இடமும் ஒதுக்கப்பட்டிருந்தது. சொன்னபடி முழுமையாகச் செய்த அமைச்சுக்குத்தான் அதிக இழப்பு. ஆளணி முகாமைத்துவ அமைச்சின் ஊழியர்கள் எல்லாவற்றையும் அதிலேயே வைத்திருந்தார்கள். ஒப்புதல் பெற்ற இறுதி ஆவணங்கள் வேறொரு அமைப்பில் இருந்ததால் அவை தப்பின. அந்த ஆவணங்களுக்குப் பின்னால் இருந்த வரைவுகள், குறிப்புகள், திரட்டிய தகவல்கள் எல்லாம் போயின.

ஏன் பிரதி எடுக்கவில்லை என்று கேட்டபோது சொல்லப்பட்ட காரணம்: கொள்ளளவு மிகப் பெரியது, சேமிப்பு அமைப்போ வேகம் குறைந்தது, ஆகவே வெளியே இன்னொரு பிரதி வைக்க முடியவில்லை.

நான் தமிழ் சிறப்புப் பட்டம் படித்துவிட்டு இருபது வருடமாகப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறவன். கணினித் துறை எனக்குச் சோறு போடும் தொழில் அல்ல. ஆனால் "பெரிதாக இருந்தது, அதனால் முடியவில்லை" என்ற வாக்கியம் என்னை விடவில்லை. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் நிற்குமா? எமது வாசகர்களில் எத்தனையோ பேரிடம் ஊர் வரலாற்றுக் குறிப்புகளும் பள்ளிவாசல் பதிவேடுகளின் படங்களும் அரபுத் தமிழ் நூல்களும் பழைய சஞ்சிகைகளும் கணினிக்குள் இருக்கின்றன. "நிறைய இருக்கு, எங்க கொப்பி பண்ணுற" என்ற பேச்சு எங்களிடமும் உண்டு. ஆகவே இந்தக் கணக்கு நமக்கும் உரியது.

எனது பழைய மாணவர் ஒருவர் கொழும்பில் ஒரு தரவு நிலையத்தில் இரவுப் பணி செய்கிறார். அவரது வேலையே பேக்கப்தான். முதலில் அவர் சொன்னது: "சேர், எவ்வளவு டேட்டா இருக்கு என்டு எல்லாரும் கேக்கிற. அதக் கேட்டு வேலையில்ல. ஒரு நாளைக்கு எவ்வளவு மாறுது, ராவைக்கு எத்தின மணித்தியாலம் கையில இருக்கு, இந்த ரெண்டையும் கேளுங்க."

சரி, 858 டெராபைட்டை எடுத்துக்கொள்வோம். பெரிய தரவு நிலையங்களில் சாதாரணமாகப் புழங்கும் 10 ஜிகாபிட் இணைப்பு ஒன்று முழு வேகத்தில் செக்கனுக்கு 1.25 ஜிகாபைட் கடத்தும். அந்த வேகத்தில் 858 டெராபைட் போய்ச்சேர ஏறக்குறைய 8 நாட்கள். முழு வேகம் எப்போதும் கிடைக்காது; பாதிதான் கிடைக்கிறது என்றால் 16 நாட்கள். 1 ஜிகாபிட் இணைப்பு என்றால்தான் 79 நாட்கள் என்று பயமுறுத்தும். எட்டு வருடம் சேர்ந்த வேலைக்குப் பதினாறு நாள் பெரிய காலமா?

அந்தப் பதினாறு நாளும் ஒரு தடவைதான். முதலில் எடுப்பது முழுப் பிரதி. மறுநாள் முதல், மாறியதையும் புதிதாகச் சேர்ந்ததையும் மட்டும் எடுத்தால் போதும். இதை அதிகரிப்புப் பிரதி என்கிறார்கள். ஒரு பேச்சுக்கு, நாளொன்றுக்கு நூற்றுக்கு 1 வீதம் மாறுகிறது என்று வையுங்கள். அது 8.58 டெராபைட். அதே 10 ஜிகாபிட் இணைப்பில் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். பாதி வேகத்தில் நான்கு மணித்தியாலம். இரவு பத்துக்குத் தொடங்கினால் விடிய முதல் முடிந்துவிடும்.

அப்படியானால் கொள்ளளவு தடையாக இருக்கவில்லை. மற்றக் காரணத்தை, அதாவது வேகம் குறைந்த சேமிப்பு என்பதை, நான் அவ்வளவு இலேசாகத் தள்ளிவிட மாட்டேன். ஏனென்றால் காப்புப் பிரதி எடுப்பது சங்கிலி வேலை. மூல வட்டிலிருந்து வாசிக்க வேண்டும், வலையமைப்பு வழியே அனுப்ப வேண்டும், மறுமுனையில் எழுத வேண்டும். மூன்றில் எது மெதுவானதோ அதன் வேகம்தான் முழு வேலையின் வேகம். மூல வட்டு செக்கனுக்கு 200 மெகாபைட்தான் தரும் என்றால், 10 ஜிகாபிட் கம்பியைப் போட்டும் பயனில்லை. அகலப் பாதையில் மாட்டு வண்டி போவது போலத்தான். இருந்தாலும், ஒரு களஞ்சியத்தை வாங்கும் நாளிலேயே "இதிலிருந்து இரவுக்கு எவ்வளவு வாசித்து எடுக்கலாம்" என்று கேட்டிருக்கலாம். ஆளுக்கு 30 ஜிகாபைட் என்று கணக்குப் போட்டவர்கள் அந்த இன்னொரு கணக்கைப் போடவில்லை என்பதே எனது அபிப்பிராயம்.

மெதுவாக இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் இந்தத் தொழிலில் பாதி வேலை என்றார் மாணவர். வாசிப்பை மட்டும் தனியே அளக்க வேண்டும், பிறகு அனுப்புவதை, பிறகு எழுதுவதை. பெரும்பாலும் குற்றவாளி சிறு கோவைகள். ஒரு ஜிகாபைட் அளவுள்ள ஒரே கோவை சுறுக்கென்று போய்விடும். அதே ஒரு ஜிகாபைட் இலட்சம் சின்னக் கோவைகளாக இருந்தால் ஒவ்வொன்றையும் தேடி, திறந்து, வாசித்து, மூட வேண்டும். விடிந்துவிடும். ஒரே நேரத்தில் பல ஓடைகளாக எடுத்தால் வேகம் கூடும். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. சுழலும் வன்தட்டு ஒன்றிலிருந்து இருபது ஓடைகளில் வாசிக்கச் சொன்னால், அதன் வாசிப்பு முனை அங்குமிங்கும் ஓடியே களைத்துப்போகும். வேகம் கூடுவதற்குப் பதிலாகக் குறையும். இரண்டு, நான்கு, எட்டு என்று கூட்டிக்கொண்டு போய், எங்கே வேகம் நிற்கிறதோ அங்கே விட்டுவிட வேண்டும்.

காந்த நாடா என்றதும் நமக்குப் பாட்டுக் கசெட் ஞாபகம் வரும். பெரிய நிறுவனங்கள் இன்றும் நாடாவைக் கைவிடவில்லை. எல்.டி.ஓ-9 என்ற வகை நாடாப் பேழை ஒன்று உள்ளங்கைக்குள் அடங்கும். உள்ளே ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் நீள நாடா. கொள்ளளவு 18 டெராபைட். 858 டெராபைட்டுக்கு 48 பேழைகள். நான் இந்தக் கணக்கை இரண்டு தரம் போட்டுப் பார்த்தேன். எங்கள் பாடசாலை நூலகத்தில் ஒரு தட்டு நிறைய வைக்கலாம். ஒரு பேழையை நிரப்ப, செக்கனுக்கு 400 மெகாபைட் வேகத்தில், பன்னிரண்டரை மணித்தியாலம். நாடா இயந்திரம் ஒன்றே ஒன்று இருந்தால் 48க்கும் 25 நாட்கள். நான்கு இருந்தால் ஒரு கிழமைக்குள்.

பேழையின் பெட்டியில் "45 டெராபைட்" என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அது தரவைச் சுருக்கினால் இரண்டரை மடங்கு கொள்ளும் என்ற எதிர்பார்ப்பில் போட்ட எண். எழுத்துக் கோவைகள் சுருங்கும். ஜேபெக் படங்களும் வீடியோவும் ஏற்கனவே சுருக்கப்பட்டவை. பிழிந்த துணியை மறுபடி பிழிந்தால் என்ன தண்ணீர் வரும்? படங்களாலான களஞ்சியம் வைத்திருப்பவர் 18 என்றே கணக்குப் போட வேண்டும்.

நாடாவுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது ஓடிக்கொண்டிருக்க விரும்பும். தரவு போதிய வேகத்தில் வந்து சேராவிட்டால் நின்று, பின்னோக்கிச் சுற்றி, மறுபடி ஓடத் தொடங்கும். சப்பாத்துக்குப் பொலிஷ் போடுகிறவர் துணியை முன்னும் பின்னும் இழுப்பது போல இருப்பதால் துறைக்காரர்கள் அதற்கு அந்தப் பெயரையே வைத்திருக்கிறார்கள். வேலையும் தாமதம், நாடாவும் தேயும். அதனால் முதலில் வேகமான வட்டு ஒன்றில் சேர்த்துவைத்து, பிறகு ஒரே ஓட்டமாக நாடாவுக்கு இறக்குகிறார்கள். மெதுவான சேமிப்புக்கும் வழி உண்டு என்பதற்கு இது ஓர் உதாரணம்.

எவ்வளவு இடம் வாங்குவது என்ற கேள்வியில் பலரும் ஏமாறுகிறார்கள். 10 டெராபைட் தரவுக்கு 10 டெராபைட் வட்டு போதாது. ஒவ்வொரு கிழமையும் முழுப் பிரதி எடுத்து நான்கு கிழமை வைத்திருந்தால் அதற்கே 40 டெராபைட். ஒரு முழுப் பிரதியும், நாளுக்கு 2 வீத மாற்றமாக 30 நாட்களும் வைத்திருந்தால் 16 டெராபைட். இரண்டாவது மலிவு, ஆனால் திருப்பி எடுக்கும்போது முழுப் பிரதியோடு அந்தத் துண்டுகளையெல்லாம் வரிசையாக ஒட்ட வேண்டும், இடையில் ஒரு துண்டு கெட்டாலும் அதற்குப் பின்னுள்ளவை சந்தேகம்தான். ஒரே சுற்றறிக்கை நூறு பேரிடம் இருந்தால் ஒரு தடவை மட்டும் சேமிக்கும் முறையும் இருக்கிறது. இடம் மிச்சமாகும், கணினியின் நினைவகத்தைத் தின்னும். இதற்கெல்லாம் மேலே வளர்ச்சி. தரவு வருடத்துக்கு 30 வீதம் கூடினால் மூன்று வருடம் முடியமுன் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். இன்றைய அளவுக்கு வாங்குகிறவர் நாளைக்கு மறுபடி கேள்விப்பத்திரம் கோர வேண்டிவரும்.

இதுவரை சொன்னது போகும் பாதை. வரும் பாதைதான் முக்கியம்.

2017 ஜனவரி 31ஆம் திகதி, நிரலாளர்களின் வேலைகளைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில், ஒரு கோளாறைச் சரிசெய்யப் போன பொறியியலாளர் ஒருவர் முதன்மைத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். 300 ஜிகாபைட் அளவிலிருந்து சில ஜிகாபைட்தான் மிஞ்சியது. பிரதி எடுக்கும் ஏற்பாடுகள் பல அவர்களிடம் இருந்தன. நாளாந்தப் பிரதி விழ வேண்டிய களஞ்சியத்தைத் திறந்தார்கள், வெறுமை. மென்பொருளின் பதிப்பு பொருந்தாததால் அந்த வேலை தோல்வியடைந்துகொண்டே இருந்திருக்கிறது; தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சலும் யாரையும் சென்றடையவில்லை. வேறொரு தேவைக்காகத் தற்செயலாக ஆறு மணித்தியாலத்துக்கு முன் எடுத்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. அதுவும் எளிதில் வரவில்லை. அது இருந்த வட்டின் வேகம் செக்கனுக்கு 60 மெகாபிட் அளவுதான். கொண்டுவந்து சேர்க்க 18 மணித்தியாலம் வரை ஆனது. அந்த நிறுவனம் நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் உலகத்துக்கு எழுதி வெளியிட்டது. அந்த நேர்மை இல்லாவிட்டால் நான் இதை எழுதவும் முடியாது.

எனவே முன்கூட்டியே இரண்டு கேள்விக்கு விடை வேண்டும். எவ்வளவு நேரத்து வேலையை இழந்தால் தாங்குவோம்? எவ்வளவு நேரம் காத்திருப்போம்? முதலாவது, எத்தனை மணிக்கொரு தடவை பிரதி எடுப்பது என்பதைத் தீர்மானிக்கும். இரண்டாவது, எந்த வேகத்தில் திருப்பி எடுக்கக்கூடிய கருவி வாங்குவது என்பதை.

எமது நாட்டிலும் பாடம் இருக்கிறது. 2023 ஓகஸ்ட் மாதம் இலங்கை அரசின் முகில் சேவை கப்பம் கோரும் தீநிரலால் தாக்கப்பட்டது. 'கவ்.எல்கே' முகவரியில் ஏறத்தாழ 5000 மின்னஞ்சல் கணக்குகள். மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போய்விட்டன. பிரதி இல்லாமல் இல்லை. ஆனால் அது அதே வலையமைப்பில் இணைந்திருந்ததால் அதையும் தீநிரல் பூட்டிவிட்டது. கழற்றித் தனியே வைத்த பிரதி அந்தக் காலத்துக்கு இருக்கவில்லை. புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 விதி இதற்குத்தான்: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்றாவது வேறு இடத்தில்.

இனி வீட்டுக் கணக்கு. ஏ4 அளவுப் பக்கம் ஒன்றை வர்ணத்தில், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் ஸ்கேன் செய்து, சுருக்காமல் வைத்தால் 26 மெகாபைட். நூறு பக்கச் சஞ்சிகை 2.6 ஜிகாபைட். ஆயிரம் இதழ்கள் 2.6 டெராபைட். வெளி வன்தட்டு ஒன்றில், செக்கனுக்கு 100 மெகாபைட் என்றால், ஏழு மணித்தியாலத்துக்குச் சற்று மேலே. இஷாவுக்குப் பிறகு தொடங்கினால் சுபஹுக்கு முடிந்திருக்கும். அதையே 10 மெகாபிட் வேகத்தில் இணையத்தில் ஏற்ற 24 நாட்கள், இரவு பகலாக. ஆகவே மூலப் படங்களை இரண்டு வன்தட்டுகளில் எடுத்து, ஒன்றை வேறு ஊரிலுள்ள ஒருவரின் வீட்டில் வையுங்கள். சுருக்கிய ஜேபெக் பிரதிகளை மட்டும் இணையத்தில் ஏற்றுங்கள். பக்கப் படங்கள் ஓர் இலட்சம் கோவைகளாகும். இதழுக்கு ஒரு பொதியாகக் கட்டினால் ஆயிரமாகக் குறையும், கொப்பியும் வேகமாகும்.

மாணவர் ஒரு கொப்பி வைத்திருக்கிறார், கடதாசிக் கொப்பி. ஒவ்வொரு இரவும் வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எத்தனை டெராபைட். மூன்று மாதத்துக்கொரு தடவை ஏதாவது ஒரு கோவைத் தொகுதியைக் கண்ணை மூடித் தெரிந்து, வேறு கணினியில் திருப்பி எடுத்து, திறந்து பார்த்து, எடுத்த நேரத்தையும் எழுதுகிறார். போன வருடம் அதிகாலை மூன்றரைக்கு முடிந்த வேலை இப்போது ஐந்து மணிக்கு முடிகிறதாம். காரியாலயம் ஆறரைக்குத் திறக்கும். மாதத்துக்கு ஏழெட்டு நிமிடம் கூடுகிறது. "இன்னும் ஒரு வருஷம் தாங்கும் சேர்," என்றார். "கருவிக்கு எஸ்டிமேட் இப்பவே போட்டுட்டன். எங்கட இடத்தில சாமான் வந்து சேர எட்டு மாசம்."