ஒரே நூலும் ஒரே தொடக்கமும்

ஏறுதழுவுதலால் உலகறிந்த அலங்காநல்லூர், மதுரை நகருக்கு வடக்கே பெரியாற்றுக் கால்வாய் நீர் பாயும் சமவெளியில் அமைந்துள்ளது. 2010ஆம் ஆண்டுக்கு முன், இத்தகைய ஊரின் அரசுப் பள்ளியில் பயின்ற உழவர் வீட்டுப் பிள்ளையும் மதுரை நகரத்து மெட்ரிக் பள்ளியில் பயின்ற பிள்ளையும் பத்தாம் வகுப்புவரை வெவ்வேறு நூல்களைப் படித்தனர். பொதுத்தேர்வில் முன்னவர்க்கு மொத்தம் 500 மதிப்பெண், பின்னவர்க்கு 1100. மேல்நிலை வகுப்பிலோ இருவருக்கும் பாடத்திட்டம் ஒன்றே. பத்தாண்டுகள் வேறுவேறு வழியில் நடந்தோரை ஒரே வகுப்பறையில் அமர்த்தி, ஒரே தேர்வெழுதச் சொன்னது அன்றைய முறை.

மாநில வாரியம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், கீழ்த்திசை என நான்கு பாடத்திட்டங்கள் அப்போது வழக்கில் இருந்தன. மெட்ரிக் பள்ளிகள் முதலில் சென்னை, மதுரைப் பல்கலைக்கழகங்களின் மேற்பார்வையில் இயங்கியவை. 1970களின் பிற்பகுதியில் அவை அரசின் பள்ளிக்கல்வித் துறைக்கு மாறின. பின்னர் ஊர்தோறும் பெருகின. கட்டணம் செலுத்த இயன்றோர்க்கு ஒரு கல்வி, இயலாதோர்க்கு வேறொரு கல்வி என்னும் பிளவு ஆழமாயிற்று. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த வே. வசந்தி தேவி, தலைமையாசிரியராகப் பணியாற்றிய எஸ்.எஸ். இராஜகோபாலன் முதலிய கல்வியாளர்கள் பொதுப்பள்ளி முறைக்காகப் பல்லாண்டுகள் எழுதியும் பேசியும் வந்தனர்.

பாரதிதாசன் பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் ச. முத்துக்குமரன் தலைமையில் 2006இல் அரசு ஒரு குழுவை அமைத்தது. அதன் அறிக்கை 2007இல் அளிக்கப்பட்டது. 2010இல் சமச்சீர் கல்விச் சட்டம் இயற்றப்பட்டு, அக்கல்வியாண்டில் ஒன்றாம், ஆறாம் வகுப்புகளுக்குப் பொதுப் பாடநூல்கள் வந்தன. மறு ஆண்டு பிற வகுப்புகளுக்கு அவற்றை விரிவாக்கும் வேளையில் சட்டத் திருத்தத்தால் திட்டம் ஒத்திவைக்கப்பட, வழக்குத் தொடுக்கப்பட்டது. பள்ளிகள் திறந்தும் மாணவர் கையில் நூல் இல்லை. ஆசிரியர்கள் பாடநூலின்றியே வகுப்புகளை நடத்தினர். 2011 ஆகஸ்டு 9ஆம் நாள், பத்து நாள்களுக்குள் திட்டத்தை நடைமுறைப்படுத்துமாறு உச்சநீதிமன்றம் ஆணையிட்டது.

ஆயினும் முத்துக்குமரன் குழு பாடநூலோடு நிறைவு கொள்ளவில்லை. தாய்மொழிவழிக் கல்வி, போதிய ஆசிரியர் எண்ணிக்கை ஆகியவற்றையும் அது பரிந்துரைத்திருந்தது. இவற்றுள் நிறைவேறியவை சிலவே. ஒரே நூலைப் படித்தாலும், கரும்பு வெட்டச் செல்லும் பெற்றோரின் பிள்ளைக்கும் தனிப்பயிற்சிக்குப் பணம் கட்டும் வீட்டுப் பிள்ளைக்கும் தொடக்கம் ஒன்றாகிவிடாது. நீட் தேர்வு வந்தபின் இவ்வேறுபாடு மருத்துவக் கல்லூரி வாயிலில் வெளிப்படையாயிற்று.

இதனை ஆராய அமைக்கப்பட்ட நீதியரசர் பொ. கலையரசன் ஆணையம், அரசுப் பள்ளி மாணவர்க்கு 10 விழுக்காடு இடம் ஒதுக்கப் பரிந்துரைத்தது. 2020இல் 7.5 விழுக்காடு சட்டமாயிற்று. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் விரிந்தது. 2022 ஏப்ரலில் அச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்த சென்னை உயர்நீதிமன்றம், ஐந்தாண்டுக்குள் அதனை மறுஆய்வு செய்யுமாறும், அரசுப் பள்ளிகளின் தரத்தை உயர்த்துமாறும் அரசுக்கு அறிவுறுத்தியது.