பழைய ஏசி: ரிப்பேரா, புதுசா?
"கேஸ் இல்ல சார், 3,000 ரூபாய் ஆகும்"னு மெக்கானிக் சொன்னா உடனே பணம் அனுப்பாதீங்க. ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி தீராது. குறைஞ்சா எங்கேயோ லீக். அதை அடைக்காம நிரப்பினா, அடுத்த சம்மர்லயும் இதே செலவுதான்.

கம்ப்ரஸர் போச்சுன்னா முதல்ல வாரண்டி கார்டைப் பாருங்க. பல மாடல்கள்ல அதுக்கு மட்டும் 10 வருஷ வாரண்டி உண்டு.

இப்போ கணக்கு. 14,000 ரூபாய் ரிப்பேர் 2 வருஷம் தாங்கினா, வருஷத்துக்கு 7,000. 40,000 ரூபாய் புது ஏசி 10 வருஷம் ஓடினா 4,000. ரிப்பேர் 5 வருஷம் தாங்கும்னா 2,800தான்; பழசே போதும்.

புதுசு வாங்கினா, ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவுங்க. மாசம் 350 ரூபாய் ஆர்டி போடுங்க. 10 வருஷத்துல 42,000, வட்டி தனி. அடுத்த ஏசிக்கு இஎம்ஐ தேவையே இருக்காது.