பாம்புக்குக் கண் வலியா?

குட்டீஸ், பல வருடங்களுக்கு முன் சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு எங்கள் பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போனேன். தேயிலைத் தோட்டத்துக் கல் சுவரில் ஒரு சாரைப்பாம்பு சுருண்டு கிடந்தது. உடம்பு நிறம் மங்கிப்போய், இரண்டு கண்களும் நீலம் பூத்திருந்தன.

"பாவம் சார், கண்ணு தெரியலை. பால் வைப்போமா?" என்றான் ஒரு பையன்.

எனக்கும் அப்போது விஷயம் தெரியாது. கூட வந்த வனக் காவலர்தான் சிரித்தார். "சட்டை உரிக்கப் போகுது சார். தொந்தரவு பண்ணாம வாங்க!"

பாம்புக்கு இமை கிடையாது. கண்ணாடி போன்ற ஒரு செதில்தான் கண்ணை மூடியிருக்கும். சட்டை உரிக்கும் முன் பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் நடுவே ஒரு திரவம் ஊறும். அதனால்தான் அந்த நீலம். பார்வை மங்குவதால் பாம்புக்குக் கோபம் அதிகம், இரையும் எடுக்காது. சில நாட்களில் கண் தெளிந்துவிடும். பிறகு கல்லில் மூக்கை உரசி, காலுறையைக் கழற்றுவது போலச் சட்டையைக் கழற்றிவிடும்.

நிஜமான நோயை எப்படிக் கண்டுபிடிப்பது? உரிந்த சட்டையே பாதி சொல்லிவிடும். கண் செதில்களோடு முழுசாக உரிந்திருந்தால் நலம். துண்டு துண்டாகக் கிழிந்திருந்தால் ஈரப்பதம் போதவில்லை, அல்லது காயமோ உண்ணியோ இருக்கலாம். வாயைத் திறந்தே மூச்சு விடுகிறதா? மூக்கில் நுரை வருகிறதா? நுரையீரலில் நோய்த்தொற்று இருக்கலாம். கால்நடை மருத்துவர்தான் பார்க்க வேண்டும். ஒட்டியிருக்கும் தோலைப் பிய்த்தால் கண்ணே போய்விடும்!

பால்? அது பாம்பின் உணவே அல்ல. வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய் உயிரே போகலாம்.

நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பதற்கு 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடை விதிக்கிறது. செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்கூட, அரசு அனுமதியோடு பாம்புகளைச் சில வாரங்கள் மண்பானையில் வைத்து, விஷம் எடுத்தபின் காட்டிலேயே விட்டுவிடுகிறது. மேகமலையோ 2021 முதல் புலிகள் காப்பகம்.

அடிபட்ட பாம்பைப் பார்த்தால் தள்ளி நில்லுங்கள். பெரியவர்களிடம் சொல்லி வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ தகவல் கொடுக்கச் சொல்லுங்கள். செத்தது போலக் கிடந்தாலும் தொடாதீர்கள். யாரையாவது கடித்துவிட்டால், கட்டுப் போடாமல், கீறாமல் உடனே 108!

மறுவருடம் அதே சுவர் இடுக்கில் ஒரு சட்டை கிடந்தது. குனிந்து பார்த்த அந்தப் பையன், "சார், கண்ணு ரெண்டும் இருக்கு!" என்று கத்தினான்.